மல்லாக்கப் படுத்த காவல்காரர்கள்

நெட்டப்பாளையத்து ஆட்களைப் பற்றி முதலிலேயே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்னதைச் செய்வார்கள். கூட்டாமல் குறைக்காமல், என்ன சொன்னீர்களோ அதை அப்படியே செய்வார்கள். அதனால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல் இருந்தவரைக்கும் அந்த ஊரில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருவன். நல்ல மனுசன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். ஆனால் எந்த வேலையும் அவனிடம் நிலைக்கவில்லை. முதலில் நூல் மில்லுக்குப் போனான். "மிஷின் நின்னா என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் டீ குடிக்கப் போனார். மிஷின் தீப்பிடித்து எரிந்தது. ஆனால் நிற்கவில்லை. எரிந்துகொண்டே ஓடியது. நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, இது எப்போது நிற்கும், எப்போது கூப்பிடலாம் என்று பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து கல்யாண மண்டபத்தில் வேலை. வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வரவேற்க வேண்டும் என்றார்கள். நிறுத்தினான். மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் நிறுத்தினான். முகூர்த்தம் தாண்டிப் போயிற்று.

கடைசியாகத் தெய்வானை அம்மிணியின் தேங்காய்க் களத்தில் காவலுக்குச் சேர்ந்தான். தேங்காயை உடைத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவைத்து, காய்ந்த பருப்பைச் சாக்கில் கட்டி எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் காவலில் இருந்தார்கள். ஒல்லியாக, எதையும் கையோடு செய்து முடித்துவிடுகிற சென்னியப்பன். ஊரிலேயே பெரிய உடம்புக்காரனான தீர்த்தகிரி. எதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி, யோசித்துக்கொண்டே இருக்கிற அர்த்தநாரி.

"இந்த வேலையாச்சும் நிலைக்கட்டும்" என்று நாச்சிமுத்துவின் சம்சாரம் பாப்பாத்தி நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். "என்ன சொல்றாங்களோ அதைக் காது குடுத்துக் கேட்டு அப்படியே செய்யுங்க." நாச்சிமுத்துவுக்கு அப்படி யாரும் சொல்லியிருக்கவே கூடாது.

களத்தில் மத்தியானச் சோற்று நேரத்தில் மூட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது. அம்மிணி நான்கு பேரையும் கூப்பிட்டு, "களத்து மேல எப்பவும் ஒரு கண்ணு வெச்சிருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கண்ணை மட்டும் களத்தின் மேல் வைத்தார்கள். இன்னொரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். எந்தக் கண் என்பதில் மட்டும் ஒரு பேச்சு வந்தது.

"வலது கண்ணுல எனக்குச் சித்தெ மங்கலு" என்றான் தீர்த்தகிரி.

"அப்ப எல்லாரும் இடதையே வெச்சுக்குவோம். ஆளுக்கொரு பக்கம் பாத்தா ஒத்துமை இருக்காது" என்றான் அர்த்தநாரி.

திருடன் வலது பக்கமாக வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

அம்மிணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இனி ஒரு மூட்டை காணாமப் போச்சுன்னா நாலு பேரும் ஊட்டுக்குப் போயிருங்க. நான் கேமரா வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். நூல் மில், மண்டபம், இப்போது களம். இதுவும் போனால் பாப்பாத்தி முகத்தில் எப்படி முழிப்பது?

அடுத்த வாரம் அம்மிணி பல் பிடுங்கக் கோயமுத்தூர் போனார். பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது எதிர்க் கட்டிடத்தில் ஒரு போர்டைப் பார்த்தார். 'பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. கார்டு சிறப்பாகக் கற்றுத் தரப்படும்.' முதல் வரி அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது வரி நன்றாக விளங்கியது. கார்டு என்றால் காவல்காரன். பாங்கியில், ஏ.டி.எம்.மில், துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்தக் கார்டு. உடனே போன் போட்டார்.

"ஏனுங்க, உங்ககிட்ட கார்டு நல்லாச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"அதுதாங்க எங்க ஸ்பெஷல்" என்றார் அந்தப் பக்கம் பேசிய யூனுஸ் மாஸ்டர். "எங்க பசங்க கார்டைத் தாண்டி ஒருத்தன் போக முடியாது."

அம்மிணிக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு பேரும் கோயமுத்தூர் போய்க் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்று முடிவாயிற்று.

யூனுஸ் மாஸ்டர் உக்கடத்துக்காரர். ஒடிசலான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். தரை பூராவும் மெத்தை விரித்த ஒரு ஹால்தான் அவருடைய பள்ளிக்கூடம். நான்கு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"ஜியு-ஜிட்சுங்கறது குஸ்தி மாதிரி ஒரு வித்தை. பிரேசில் நாட்டுக்காரங்க வளர்த்தது" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"அங்க தேங்கா உண்டுங்களா?" என்று அர்த்தநாரி கேட்டான்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, "உண்டு" என்றார்.

அர்த்தநாரி மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். "அதான். தேங்காக் களத்துக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

"இதுல கார்டுங்கறது ஒரு நிலை" என்றார் மாஸ்டர். "எல்லாரும் மல்லாக்கப் படுங்க."

யாரும் படுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துதான் தைரியமாக வாயைத் திறந்தான். "மாஸ்டருங்க, காவல் நேரத்துல படுத்தா அம்மிணி வைவாங்க."

"இங்க படுக்கறதுதாங்க வேலையே. பார்க்கறவனுக்குக் கீழ கிடக்கறவன் தோத்த மாதிரி தெரியும். ஆனா பிடி கீழ இருக்கறவன் கையில. எதிராளி உங்க முழங்காலுக்கு நடுவுல வந்ததும் ரெண்டு காலையும் அவன் இடுப்பைச் சுத்திப் போட்டு, பின்னாடி பாதத்தோட பாதம் சேத்துக் காலைப் பூட்டணும். அவ்வளவுதான். அவனால எந்திரிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது."

நாச்சிமுத்து மெதுவாக மெத்தையில் சாய்ந்தான். சின்ன வயசிலிருந்து, படுத்தே கிடக்கிறான் என்று அவனை வையாதவர்கள் இல்லை. அப்பா வைதார், மாமனார் வைதார், மில் சூப்பர்வைசர் வைதார். படுத்துக்கொண்டே செய்கிற ஒரு வீரம் பிரேசில் நாட்டில் தனக்காகக் காத்திருந்தது அவனுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. கண்ணில் லேசாகத் தண்ணீர் வந்தது.

மாஸ்டர் சட்டங்களைச் சொன்னார். எதிராளிக்கு மரியாதை கொடுக்க வேண்டும். அவசரப்படாமல், அவனாக நடுவில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கார்டில் இருக்கும்போது எழுந்து நிற்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், எதிராளி கையால் தட்டினால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும்.

"எங்க தட்டினாலுங்களா?" என்றான் அர்த்தநாரி.

"உங்க மேல தட்டலாம், தரையில தட்டலாம். தட்டினா விடணும். விடலைன்னா அது பாவம்."

பாவம் என்று சொன்னதை நான்கு பேரும் மனசில் வாங்கிக்கொண்டார்கள்.

பிடிகளைப் பழகும்போது சென்னியப்பனின் கால் நழுவிக்கொண்டே இருந்தது. "பூட்டு சரியில்லையே" என்றார் மாஸ்டர். "அடுத்த வாரம் வரும்போது பூட்டு கெட்டியா இருக்கணும். நானே வந்தாலும் கழட்ட முடியக் கூடாது."

அடுத்த வாரம் சென்னியப்பன் ஒரு மஞ்சப்பையோடு வந்தான். தீர்த்தகிரியின் இடுப்பைச் சுற்றிக் காலைப் போட்டான். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பையிலிருந்து இரும்புச் சங்கிலியை எடுத்து, தீர்த்தகிரியின் முதுகுக்குப் பின்னால் தன் இரண்டு கணுக்காலையும் சேர்த்துச் சுற்றச் சொல்லி, அர்த்தநாரியிடம் பூட்டைக் கொடுத்தான். அர்த்தநாரி டொக்கென்று பூட்டினான்.

"இப்பக் கழட்டுங்க பாக்கலாம், மாஸ்டருங்க."

மாஸ்டர் கழட்டிப் பார்த்தார். முடியவில்லை. சென்னியப்பனுக்குப் பெருமை.

"சாவி எங்கீங்க?" என்றார் மாஸ்டர்.

"அம்மிணி இடுப்புலீங்க. இது களத்துக் கேட்டுப் பூட்டுங்க."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பூட்டை அறுத்துடலாம்" என்றார். நான்கு பேரும் ஆலோசனை செய்தார்கள். தீர்த்தகிரி ஆலோசனையில் நின்றுகொண்டு கலந்துகொண்டான். சென்னியப்பன் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டு கலந்துகொண்டான்.

"பூட்டை அறுக்க முடியாதுங்க. அது அம்மிணியோடது. திண்டுக்கல் பூட்டு" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப சங்கிலியை அறுக்கலாம்" என்றார் மாஸ்டர்.

"சங்கிலியும் அம்மிணியோடதுங்க."

அர்த்தநாரி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான். "காலு ரெண்டும் சென்னியப்பனோட சொந்தக் காலு. அறுக்கறதுன்னா நம்மகிட்ட இருக்கறது அதுதான்."

எல்லோரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். சென்னியப்பன், "ஊருக்கே போயிரலாம்" என்று மெதுவாகச் சொன்னான்.

அப்படியே பஸ் ஏறினார்கள். குட்டியைக் கட்டிக்கொண்ட பெரிய குரங்கு போலத் தீர்த்தகிரி படியில் ஏறினான். ஒரு கிழவர் எழுந்து, "கைக்கொழந்தைக்காரரு, உக்காருங்க" என்று இடம் கொடுத்தார். அப்புறம் குழந்தைக்கு மீசை இருப்பதைப் பார்த்துத் திரும்ப உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஊர்வரை நின்றுகொண்டே வந்தார்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். "ரெண்டு ஆளா, ஒரு ஆளா?"

"ஆளு ரெண்டுதானுங்க. ஆனா எடம் ஒண்ணுதான் அடைக்கறோம்" என்றான் தீர்த்தகிரி.

"அப்ப அவரு லக்கேஜா?"

தீர்த்தகிரி குனிந்து சென்னியப்பனைப் பார்த்தான். "நீ லக்கேஜா மாப்ள?"

"பூட்டியிருக்கறதைப் பாத்தா லக்கேஜு மாதிரிதான் இருக்குது" என்றான் சென்னியப்பன், அவன் நெஞ்சில் முகத்தை வைத்தபடியே. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அம்மிணி இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டார். "யாரு பூட்டினது?" என்று கேட்டார்.

"மாஸ்டர் பூட்டச் சொன்னாருங்க."

அம்மிணி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல. கண்டிப்பான வாத்தியாரு" என்றார்.

அன்று பூராவும் களத்துக் கேட்டு திறந்தே கிடந்தது என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஆனால் ஒன்றும் காணாமல் போகவில்லை. திருடன் வந்தானாம். கேட்டு அகலத் திறந்திருப்பதைப் பார்த்ததும், நம்மைப் பிடிக்க ஏதோ பெரிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பயந்து திரும்பிப் போய்விட்டானாம்.

கொஞ்ச நாளில் யூனுஸ் மாஸ்டர் நான்கு பேரையும் கூப்பிட்டு, "இனிமே உங்களுக்குச் சொல்லித் தர்றதுக்கு என்கிட்ட எதுவும் இல்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வித்தை முழுசாக வந்துவிட்டது என்று நான்கு பேரும் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் மத்தியானம். அம்மிணி சாப்பிடப் போயிருந்தார். தேங்காய் உடைக்கிற பெண்கள் தோப்புப் பக்கம் நிழலுக்குப் போயிருந்தார்கள். நான்கு பேரும் களத்தின் நாலு மூலையிலும் மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடித்து, கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டார்கள். படுத்த வேகத்தில் எழுந்தார்கள். சிமெண்டுத் தளம் தோசைக்கல்லாகக் கிடந்தது.

"மாஸ்டர் மெத்தை மேலல்ல சொல்லிக் குடுத்தாரு" என்றான் தீர்த்தகிரி, முதுகைத் தேய்த்துக்கொண்டே.

"மூட்டை மேல படுத்துக்கலாம். மெத்துன்னும் இருக்கும், மூட்டைக்குக் காவலாவும் இருக்கும்" என்றான் அர்த்தநாரி. நல்ல யோசனை. ஆளுக்கு ஒரு பருப்பு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் திருடன் மொபெட்டில் வந்தான். வெள்ளகோவில் பக்கத்துக்காரன், பெயர் அங்கமுத்து. எத்தனையோ களங்களைப் பார்த்தவன். நான்கு ஆட்கள் நட்ட வெயிலில் மல்லாந்த ஆமை மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பதை அவன் எந்தக் களத்திலும் பார்த்ததில்லை. வெயில் தாங்காமல் வலிப்பு வந்துவிட்டதோ என்று நினைத்தான்.

நாச்சிமுத்து அவனைப் பார்த்துவிட்டான். இந்த ஒரு மூட்டையில்தான் தன் வேலை இருக்கிறது. ஆனால் மரியாதை முக்கியம். "வாங்க" என்றான். "வந்து உக்காருங்க."

"எங்க?" என்றான் அங்கமுத்து.

"இங்கீங்க. முழங்காலுக்கு நடுவுல."

அங்கமுத்து நாலடி பின்னால் போனான். "வேண்டாம். நான் சும்மா வந்தேன்."

"என்ர பக்கம் வேணும்னாலும் வாங்க. இங்க கொஞ்சம் நெழல் இருக்குது" என்றான் தீர்த்தகிரி அடுத்த மூலையிலிருந்து.

அங்கமுத்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். யாரும் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று மூட்டையைத் தேடினான். களத்தில் கட்டிய மூட்டை மொத்தமே நான்குதான் இருந்தது. நான்கின் மேலும் ஆள் படுத்திருந்தான். இருப்பதில் மெலிந்த ஆள் சென்னியப்பன். ஆனால் அவன் சங்கிலி ஒன்றைக் கையில் வைத்திருந்தான். அதனால் அங்கமுத்து நாச்சிமுத்துவிடம் வந்தான்.

"யோவ், சித்தெ எந்திரி. மூட்டை வேணும்."

"எந்திரிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காருங்க."

"அப்ப இடுப்பையாச்சும் தூக்கு. நான் உருவிக்கறேன்."

நாச்சிமுத்து இடுப்பைத் தூக்கினான். அங்கமுத்து மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, நாச்சிமுத்துவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்று, குனிந்து, பலமாக இழுத்தான்.

நாச்சிமுத்துவின் கால்கள் தாமாகவே எழுந்தன. இடுப்பைச் சுற்றின. பின்னால் பாதத்தோடு பாதம் சேர்ந்தது. அங்கமுத்து தடாலென்று அவன் மேல் விழுந்தான். எழப் பார்த்தான், முடியவில்லை. புரளப் பார்த்தான், முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாச்சிமுத்து செய்த ஒரு வேலை சொன்னபடி நடந்தது. அவன் மூச்சுக்கூட விடாமல் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தான்.

"விடுய்யா" என்று அங்கமுத்து அவன் தோளில் படபடவென்று அடித்தான்.

நாச்சிமுத்து உடனே காலைப் பிரித்தான். "நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று படுத்தபடியே கும்பிட்டான்.

அங்கமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடியிருக்கலாம். ஆனால் மூட்டை பாதி வெளியே வந்திருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. திரும்பவும் இழுத்தான். திரும்பவும் மாட்டினான். வலியில் மூட்டையை ஓங்கித் தட்டினான். நாச்சிமுத்து விட்டுவிட்டான். மூன்றாவது முறை மாட்டியபோது அவனுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. நிதானமாக, கதவைத் தட்டுவதுபோல, நாச்சிமுத்துவின் நெற்றியில் இரண்டு தட்டு தட்டினான். கால் திறந்துகொண்டது.

"பங்காளி, இப்படியே போனா அவரு மூட்டையை உருவீருவாரு" என்றான் தீர்த்தகிரி தொலைவிலிருந்து.

"தட்டினா விடணுமே. விடலைன்னா பாவம்" என்றான் நாச்சிமுத்து. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. மூட்டை முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது.

அர்த்தநாரி யோசித்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததால் யோசனை நன்றாக ஓடியது. "தட்டினாத்தான் விடணும். தட்டறதுக்குக் கை வேணுமில்ல?"

அடுத்த முறை அங்கமுத்து மாட்டியதும் மற்ற மூன்று பேரும், எழுந்து நிற்கக் கூடாது என்பதால், முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து வந்தார்கள். சென்னியப்பன் வலது கையைப் பிடித்தான். அர்த்தநாரி இடது கையைப் பிடித்தான். தீர்த்தகிரிக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாததால், கையால் தட்ட முடியாதவன் தலையால் தட்டினால் என்ன செய்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டான். அங்கமுத்து உடும்புப் பிடியில் மாட்டிக்கொண்டான்.

அப்போதுதான் அம்மிணி மோர்த் தூக்கோடு வந்தார். மூட்டைகள் சிதறிக் கிடந்தன. தன்னுடைய ஆட்கள் நான்கு பேரும் தரையில் கிடந்தார்கள். ஒரு புது ஆள் நாச்சிமுத்துவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"யாரு இது?" என்றார்.

"வழியில போனவனுங்க அம்மிணி" என்று அங்கமுத்து முந்திக்கொண்டான். "இவங்க வெயில்ல விழுந்து கெடந்தாங்க. தூக்கி விடலாம்னு வந்தேன். புடிச்சுட்டு விட மாட்டேங்கறாங்க."

அம்மிணி நாச்சிமுத்துவைப் பார்த்தார். "திருடனா இவன்?"

நான்கு பேரும் யோசித்தார்கள். பொய் சொல்லக் கூடாது.

"மூட்டையை இழுத்தாருங்க" என்றான் நாச்சிமுத்து.

"இழுத்தாரு. ஆனா கொண்டு போகலையே" என்றான் அர்த்தநாரி. "கொண்டு போனாத்தான திருடன்? கொண்டு போகாதவரைத் திருடன்னு சொன்னா நாளைக்கு நம்மளையும் சொல்லுவாங்க."

"நாமளும் அந்த மூட்டையைத்தான் இழுத்துப் போட்டோம்" என்று தீர்த்தகிரி ஒப்புக்கொண்டான்.

"அப்ப ஏதாச்சும் திருடு போச்சா?"

"இல்லீங்க."

அம்மிணி கணக்குப் போட்டார். நெட்டப்பாளையத்தில் அவரைப் போலப் புத்திசாலி கிடையாது என்று பேச்சு. இந்த நான்கு பேரும் கோயமுத்தூர் போய்க் கார்டு படித்தவர்கள். இவன் எதுவும் படிக்காதவன். ஒற்றை ஆளாக நான்கு பேரையும் தரையில் சாய்த்து, ஒருவன் மேல் உட்கார்ந்தும் இருக்கிறான்.

"ஏம்ப்பா" என்றார் அங்கமுத்துவிடம், "நம்ம களத்துக்குக் காவலுக்கு வர்றியா?"

அங்கமுத்து, தீர்த்தகிரி கைக்குள் இருந்த தலையை முடிந்த அளவு ஆட்டினான்.

நாச்சிமுத்துவின் கால்கள் தாமாகக் கழன்று விழுந்தன. எல்லாம் சரியாகச் செய்தும் வேலை போய்விட்டது. மோரைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் நின்றான். "எங்களுக்கு வேற எதாச்சும் வேலை இருக்குங்களா அம்மிணி?" என்று கேட்டான்.

அம்மிணிக்கு மனசு இளகிவிட்டது. "காவக்காரன் சும்மா இருந்தா சோம்பேறி ஆயிருவான். அவனுக்குப் பழக்கம் வேணும். நீங்க நாலு பேரும் தெனமும் மத்தியானம் வந்து திருடுங்க. அவன் புடிக்கட்டும். அதே சம்பளம்."

அன்று மாலை நாச்சிமுத்து வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனான். "எனக்கு வேலை மாத்தீட்டாங்க புள்ள. திருடன் வேலை."

பாப்பாத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நிலைக்குமா?"

"அம்மிணியே கூப்பிட்டுக் குடுத்தது."

"அப்பச் சரி. சட்டை ஒண்ணு தொவைச்சுப் போடறேன். முதல் நாளு அழுக்காப் போகாதீங்க."

மறுநாள் மத்தியானம் நான்கு பேரும் தலைக்குக் குளித்து, துவைத்த சட்டையோடு, சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு திருட வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்து நிழலில் அங்கமுத்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"தூங்கறவருகிட்டத் திருடினா, நாம வந்தது எப்படித் தெரியும்?" என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து குனிந்து மெதுவாகக் கூப்பிட்டான். "ஏனுங்க. திருட வந்திருக்கோமுங்க."

அங்கமுத்து ஒரு கண்ணைத் திறந்து, "எடுத்துட்டுப் போங்கய்யா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இது முறையில்லை என்று நான்கு பேருக்கும் பட்டது. புடிக்கட்டும் என்றுதான் அம்மிணி சொல்லியிருந்தார். அவன் பிடிக்காமல் திருடுவது சம்பளத்துக்குத் துரோகம். எழுந்து வரட்டும், அதற்கப்புறம் திருடலாம் என்று முடிவு செய்தார்கள். அதுவரைக்கும் மூட்டைகள் பத்திரமாக இருக்க வேண்டும், வேறு யாராவது எடுத்துவிட்டால் தாங்கள் திருட ஒன்றும் இருக்காது. அதனால் நான்கு மூலையிலும் நின்று, அசையாமல், கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு காவலை அந்தக் களம் அதுவரை கண்டதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் முத்தூர் பக்கத்திலிருந்து புதுசாக ஒருவன் சைக்கிளில் வந்தான். கேட்டு வழியாக எட்டிப் பார்த்தான், காவல்காரன் தூங்குவதைப் பார்த்தான், மூலைகளில் அசையாமல் நின்ற நான்கு பேரைப் பார்க்கவில்லை, சுவரில் ஏறிக் குதித்து ஒரு மூட்டையின் மேல் கை வைத்தான். நாச்சிமுத்து வேகமாக நடந்து அவன் முன்னால் போய் நின்றான்.

"ஏனுங்க, அம்மிணிகிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?"

"எதுக்கு?" என்றான் வந்தவன்.

"இங்க திருடறதுக்கு ஏற்கெனவே நாலு பேரு இருக்கோமுங்க. எடம் காலி இல்லை."

வந்தவன் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தான். துவைத்த சட்டையும் சோற்றுத் தூக்குமாக நின்றார்கள். நல்ல சம்பளமாகத்தான் இருக்க வேண்டும். மூட்டையிலிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"நான் அனுபவஸ்தனுங்க" என்றான் பணிவாக. "எடம் காலியானா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

நாச்சிமுத்து அவனுடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மிணியிடம் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்து அனுப்பினான்.